பேராமையைப் பழக்கப் போகிறீர்களா? எந்த ஆமை எந்தக் கதைக்கு

கற்பனை உலகம் கட்டுகிறவர்களில் ஒரு சாரார் குதிரையும் டிராகனும் அலுத்துப்போய்ப் பேராமையின் பக்கம் வந்துகொண்டிருக்கிறார்கள். நாவலுக்கோ சித்திரக்கதைக்கோ விளையாட்டுக்கோ, மனிதர் பழக்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆமை வேண்டும் என்பதுவரை முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் குழப்பம். முழுக்கத் தாமாகவே வரைந்தால் ஓடு போர்த்திய யானை ஒன்று வந்து நிற்கிறது. அழிந்துபோன பேராமைகளில் ஒன்றை எடுத்து அதன் எலும்பின்மேல் கற்பனையைப் போர்த்தினால் விலங்கு நம்பும்படி அமைகிறது. ஆனால் எதை எடுப்பது?

கேட்கிறவர்கள் பெரும்பாலும் நான்குக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: சிவாலிக் மலைகளின் மெகலோகெலிஸ், கொம்பு வைத்த மெயோலேனியா, தென் அமெரிக்க ஆறுகளின் ஸ்டுபெண்டெமிஸ், இந்தியப் பெருங்கடலில் உள்ள மஸ்கரீன் தீவுகளின் சிலிண்ட்ராஸ்பிஸ். முதலாவதும் கடைசியும்தான் முறையான தரை ஆமைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மெயோலேனியா இன்றைய ஆமைக் குடும்பங்களுக்கெல்லாம் வெளியே நிற்கும் பழைய கிளை, ஸ்டுபெண்டெமிஸ் நன்னீர் வாசி.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் அளவிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை மீட்டர், எத்தனை பேர் ஏறலாம், அம்பாரி கட்டலாமா. அதைப் பிறகு பார்ப்போம். ஆமை விஷயத்தில் முதல் கேள்வி இது: உங்கள் உலகத்து மனிதர்கள் அதை ஏன் தின்னாமல் விட்டுவைத்தார்கள்?

பேராமை துரத்தினால் ஓடாது. பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவு ஆமைகள் உணவும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, உயிரோடு கிடக்கும். இந்த ஒரு குணத்தால்தான் பாய்மரக் கப்பல்காரர்கள் அவற்றைக் கூட்டங்கூட்டமாக ஏற்றி அடித்தளத்தில் அடுக்கிவைத்துக்கொண்டார்கள். சமைக்கும் நாள்வரை கெடாத இறைச்சி அவர்களுக்கு வேறெங்கே கிடைக்கும்? மனிதர் கரையிறங்கிய தீவு ஒவ்வொன்றிலும் பேராமைகள் குறைந்ததற்கு இதுவே பெருங்காரணம். கப்பலோடு வந்த பன்றியும் எலியும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. ஆகவே உயிரோடு நிற்கும் ஆமை அதன் இறைச்சியைவிட மதிப்பு மிக்கதாக இருக்க என்ன காரணம் என்று உங்களால் ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த உலகத்தில் ஆமைப்பாகர்கள் உருவாகியிருக்க மாட்டார்கள், கசாப்புக்காரர்கள்தான் இருந்திருப்பார்கள்.

அடுத்தது பழகும் திறன். இங்கே நல்ல செய்தி இருக்கிறது. வியன்னா, சூரிச் உயிரியல் பூங்காக்களில் உள்ள, இந்தியப் பெருங்கடல் தீவான அல்டாப்ராவின் ஆமைகளுக்கும் கலாபகஸ் ஆமைகளுக்கும் நிறப் பந்தைக் கடித்துக் காட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியாகியிருக்கிறது. கூட்டமாகப் பயின்றவை தனியாகப் பயின்றவற்றைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் கற்ற செயலை மறக்கவில்லை. எனவே பழக்குவதற்கு மந்திரக்கல்லோ ரத்த உடன்படிக்கையோ தேவையில்லை. தீவனம், நிறம், பொறுமை, பக்கத்தில் இன்னோர் ஆமை, இவை போதும். ஒன்பது வருடம் மறக்காத விலங்கு அடித்த கையையும் மறக்காது என்று வைத்துக்கொள்ளலாம். கதைக்கு அது நல்ல முடிச்சு.

வேகத்தைப் பற்றி ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். 1835-ல் கலாபகஸ் தீவுகளுக்குப் போன டார்வின் ஆமைகளின் முதுகில் ஏறிப் பார்த்தார். ஓட்டின் பின்பக்கம் தட்டினால் எழுந்து நடந்தன, ஆனால் மேலே நிலையாக உட்காரத்தான் அவருக்குச் சிரமமாக இருந்தது. ஓர் ஆமை பத்து நிமிடத்தில் 60 கஜம் போனதைக் கணக்கிட்டு, வழியில் மேயும் நேரத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு நான்கு மைல் என்று எழுதினார். சுமார் ஆறரை கிலோமீட்டர். உங்கள் ஆமை இரண்டு மடங்கு பெரியது, எடுத்துவைக்கும் அடியும் நீளம் என்று கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். துரத்தல் காட்சி மட்டும் வேண்டாம்.

சுமையில் ஆமைக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டோடு ஒன்றாய் இறுகியிருப்பதால் முதுகு தொய்யாது, பாரம் நேரே கால்களுக்கு இறங்கும். பலர் மறப்பது, ஓடு உயிருள்ள உறுப்பு என்பதை. மேல் தகடுகளுக்குக் கீழே எலும்பும் ரத்த ஓட்டமும் நரம்பும் இருக்கின்றன. ஓட்டில் ஆணி அறைந்து கொக்கி மாட்டும் படம் வரைகிறவர்கள் தங்கள் பாகனைக் கொடியவனாகக் காட்டுகிறோம் என்று தெரிந்தே வரையட்டும். கச்சை கட்டுவதுதான் முறை. அதுவும் கால்கள் மடங்கும் குழிகளை உரசாமல்.

தட்பவெப்பமும் காலமும் மீதி. ஆமை குளிர்ரத்த விலங்கு. விடியலில் உடல் சூடேறும்வரை மந்தமாக இருக்கும், உச்சிவெயிலில் நிழல் கிடைக்காவிட்டால் செத்தே போகும். அல்டாப்ராவில் அப்படிச் சாகின்றன. ஆகவே ஆமைப்படை இரவுத் தாக்குதலுக்கு உதவாது, ஆமை வணிகர்களின் பாதை மரநிழலைத் தொட்டுத் தொட்டுத்தான் போகும்.

காலத்தைப் பற்றிச் சொல்வதானால், பேராமை இனப்பெருக்கத்துக்குத் தயாராவதற்கே இருபது வருடத்துக்கு மேல் ஆகலாம். செயின்ட் ஹெலினாத் தீவின் ஜோனத்தான் 1832 வாக்கில் பிறந்ததாகக் கருதப்படுகிறது. ஒரு பாகன் தன் ஆமையை முட்டையிலிருந்து வளர்த்தால் அவனுடைய பேரன்தான் அதன்மேல் நிம்மதியாக ஏறுவான். நாய்க்கும் குதிரைக்கும் எஜமானன் உண்டு, இங்கே ஆமைக்குத்தான் பரம்பரை பரம்பரையாக வேலைக்காரர்கள். ஆமை புகுந்த வீட்டைப் பழிக்கும் நம் பழமொழி அந்த உலகத்தில் ஆமை விட்டுப்போன வீட்டைப் பற்றியதாக மாறியிருக்கும்.

## மெகலோகெலிஸ்: சுமக்க ஒன்று வேண்டுமென்றால்

இதுவரை தெரிந்த தரை ஆமைகளில் மிகப் பெரியது. ஓட்டின் நீளம் இரண்டு மீட்டரை ஒட்டும். சிவாலிக் மலைகளில் கிடைத்த துண்டுகளை வைத்து ஹியூ ஃபால்கனரும் ப்ரோபி காட்லியும் 1837-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் முதலில் போட்ட கணக்கில் ஆமை இதைவிட வெகு பெரிதாக இருந்தது, பின்னால் வந்தவர்கள் குறைத்தார்கள். பழைய நூல்களில் நான்கு டன் என்று பார்த்தால் மயங்க வேண்டாம், ஒரு டன்னுக்கு மேல் என்று வைத்துக்கொள்வது பத்திரம். அப்படியும் இன்றுள்ள மிகப்பெரிய கலாபகஸ் ஆமையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

ஃபால்கனரும் காட்லியும் 1844-ல் இதைப் பற்றி எழுதியபோது உலகைத் தாங்கும் ஆமை, கூர்மாவதாரம், யானையையும் ஆமையையும் கவ்விக்கொண்டு பறந்த கருடன் ஆகிய கதைகளையெல்லாம் சேர்த்தே பேசினார்கள். யானையோடு மல்லுக்கு நிற்கும் ஆமை எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்ற கேள்வி அவர்களையும் உறுத்தியிருக்கிறது. நம் வாசகருக்கு இந்த விலங்கை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை என்பது இந்தத் தேர்வின் பெரிய பலம். அதே காரணத்தால் கடவுள்தன்மை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சாதாரண வண்டி மாடாக அதைக் காட்ட நினைத்தாலும் வாசகர் கும்பிடத் தயாராகிவிடுவார்.

வேலை என்று பார்த்தால் சுமைதான். இரண்டு ஆள் உட்காரும் தாழ்வான அம்பாரி, அல்லது இருபுறமும் தொங்கும் மூட்டைகள். முதுகின்மேல் ஊர், கோட்டை என்று போகிறவர்களுக்கு இந்த நான்கில் எதுவும் உதவாது, அது தனி மாயம். தீவனச் செலவு அதே எடையுள்ள பாலூட்டிக்கு ஆவதைவிட மிகக் குறைவு, குளிர்ரத்தம் என்பதால். யானையை வைத்துக் கட்டுப்படியாகாத ஏழை நாட்டின் சுமைவிலங்கு என்று இதை அமைத்தால் பொருளாதாரம் கச்சிதமாகப் பொருந்துகிறது, தின்னாமல் விட்டதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு ஆண் ஆமையிடம் இருக்கிறது. அடியோட்டின் முன்முனை கழுத்துக்குக் கீழே நீண்டு துருத்தியிருக்கும். இன்றைய தரை ஆமைகளில் ஆண்கள் அந்த நீட்சியால்தான் ஒன்றையொன்று முட்டிப் புரட்டப் பார்க்கின்றன. ஒரு டன் ஆமை புரண்டுவிட்டால் நிமிர்த்துவது யார்? சத்திரம்தோறும் நெம்புகோலும் பத்து ஆளும் வேண்டும். இரண்டு ஆண்களை ஒரே வரிசையில் நடத்தக்கூடாது என்று வணிகச் சட்டமே இருக்கும்.

இன்னொன்று: இதன் எலும்புகள் ஜாவா, சுலவேசி, திமோர் வரை கிடைத்திருக்கின்றன. தரை ஆமை கடல் தாண்டுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, 2004-ல் டான்சானியாக் கரையில் ஓர் அல்டாப்ரா ஆமை கால்களில் கடல் ஓட்டுயிரிகள் ஒட்டி வளர்ந்த நிலையில் ஏறி வந்ததைச் சொல்லலாம். மூழ்காமல் மிதந்தே வந்திருக்கிறது. தீவுக்கூட்டம் உள்ள உலகமென்றால் தப்பியோடும் ஆமை கடலில் இறங்கும் காட்சி உங்களுக்கு இலவசம்.

## மெயோலேனியா: காவலுக்கும் மிரட்டலுக்கும்

அழகுப் போட்டி வைத்தால் இதுதான் ஜெயிக்கும், அதனால்தான் எல்லோரும் இதையே எடுக்கிறார்கள். தலையின் இருபுறமும் மாட்டுக்கொம்புபோல் எலும்புக் கொம்புகள், வாலில் எலும்பு வளையங்கள், நுனியில் கதாயுதம்போல் ஓர் எலும்புக் குமிழ். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்ட் ஹோவ் தீவின் எலும்புகளை 1886-ல் விவரித்த ரிச்சர்ட் ஓவன் அது பல்லி வகை என்றே நினைத்தார். ஓடு ஒரு மீட்டரை ஒட்டும், தலையும் வாலும் சேர்த்தால் இரண்டு மீட்டர் வரும்.

கொம்பு இருப்பதால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. அடங்கி ஒடுங்குவதற்கு நாம் சொல்லும் உவமையே இந்த ஆமையிடம் செல்லாது. மிரண்டால் ஒடுங்காது, எதிர்த்து நிற்கும் என்று இதன் சுபாவத்தை அமைத்துக்கொள்ளலாம். அப்படியானால் இது ஏறும் விலங்கில்லை, வாசலில் நிற்கும் விலங்கு. கருவூலக் காவல், குறுகிய கணவாயை அடைத்து நிற்பது, இப்படி நகர வேண்டாத வேலைகளுக்குப் பிரமாதம். பின்னால் நின்று பழக்க முடியாது, வால் அடிக்கும். முன்னால் கொம்பு. பக்கவாட்டில் நின்றே பழக்கும் பாகர்களின் உடல்மொழியை மட்டும் யோசித்துப் பாருங்கள், ஒரு தனிக் கலையே பிறந்துவிடும்.

சிக்கல் வரலாற்றில். வனுவாட்டுவின் எஃபாத்தே தீவில் தியோமா என்ற இடத்தில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பில் இதன் உறவினத்தின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலும் கால் எலும்புகள், அதாவது கறித்துண்டுகள். மனிதர் வந்து சில நூறு ஆண்டுகளுக்குள் அந்த ஆமை இல்லாமல் போயிற்று. கொம்பும் வால் கதாயுதமும் வேறு விலங்குகளிடமிருந்து காத்திருக்கலாம், சமையல்காரரிடமிருந்து காக்கவில்லை. இதைத் தேர்ந்தெடுத்தால் தின்னாமல் விட்ட காரணத்தை நீங்களே உழைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடை, ஒரு பயம், அல்லது உண்டால் நஞ்சு. முதல் இரண்டும் கதையை வளர்க்கும், நஞ்சு சோம்பேறித்தனம்.

## ஸ்டுபெண்டெமிஸ்: ஆறு ஓடும் உலகத்துக்கு

ஓட்டின் நடுநீளம் மட்டும் 2.4 மீட்டர், எடை ஒரு டன்னைத் தாண்டும் என்று கணக்கிடுகிறார்கள். வெனிசுவேலாவின் உருமாக்கோ பகுதியிலிருந்து 1976-ல் விவரிக்கப்பட்டது. 2020-ல் வந்த ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது: ஆண்களின் ஓட்டில் கழுத்துக்கு இருபுறமும் கொம்புபோன்ற நீட்சிகள், ஓட்டில் ராட்சத முதலையின் கடித்தடம். புருசாரஸ் என்ற அந்த முதலை இருந்த ஆற்றில்தான் இது வாழ்ந்தது. உங்கள் ஆற்றுக்கு வில்லன் தேட வேண்டியதில்லை.

இதைப் பழக்கும் வழி மற்ற மூன்றிலும் இல்லாதது, ஒலி. இதன் குடும்பத்தைச் சேர்ந்த அமேசான் ஆற்று ஆமைகளில் தாய்கள் நீருக்குள் குரல் கொடுப்பதும், பொரித்த குஞ்சுகள் பதில் கொடுப்பதும், இரண்டும் சேர்ந்து நீந்திப் போவதும் பதிவாகியிருக்கின்றன. ஓடத்தின் அடியில் தட்டித் தட்டி ஆமையை அழைக்கும் ஓடக்காரப் பெண் ஒருத்தி இதிலேயே பிறந்துவிடுகிறாள்.

செலவு என்னவென்றால் முதுகில் உட்கார்ந்தால் நனைவீர்கள், அது மூழ்கும்போது நீங்களும் மூழ்குவீர்கள். எனவே சவாரிக்கு எடுக்காதீர்கள், தெப்பம் இழுக்க எடுங்கள். தரையில் இதற்கு மரியாதை கிடையாது. வறண்ட பருவத்தில் ஆறு வற்றும் உலகமாயிருந்தால் மொத்தத் தொழிலும் சில மாதம் நின்றுபோகும். பெண்கள் முட்டையிட மணல்திட்டு தேடிப் போகும் காலத்திலும் அப்படியே. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். கொம்புள்ள ஆண்கள் வேண்டும் அரசன் மணல்திட்டுகளுக்குப் பந்தல் போடுவான்.

## சிலிண்ட்ராஸ்பிஸ்: யாரும் எடுக்காதது, நான் எடுப்பது

அளவில் இது சுமார் தான். பெரியவை ஒரு மீட்டரை ஒட்டும். ஓடு மெல்லியது, ஏனென்றால் மொரீஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் ஆகிய அந்தத் தீவுகளில் பிடித்துத் தின்னும் பாலூட்டி எதுவும் இல்லை. ஏறி உட்கார முடியாது. கொம்பில்லை, வாலில் கதாயுதமில்லை. படம் வரைகிறவர்கள் ஒரே பார்வையில் தள்ளிவிடுகிறார்கள்.

ஆனால் பிரான்சுவா லெகா எழுதியதைப் படியுங்கள். மத அடக்குமுறைக்குத் தப்பி வந்த பிரெஞ்சுக்காரர், 1691-லிருந்து இரண்டு ஆண்டுகள் ரோட்ரிக்ஸில் இருந்தார். ஆமைகள் இரண்டாயிரம் மூவாயிரமாகக் கூடி நிற்கும், தரையில் கால் படாமல் அவற்றின் முதுகுகளின் மேலேயே நூறு தப்படிக்கு மேல் நடந்து போகலாம் என்கிறார். அதைவிட விசித்திரம் அடுத்தது. கூட்டத்தின் நான்கு மூலைகளிலும் சற்றுத் தள்ளி ஒவ்வோர் ஆமை காவலாள்போல் நிற்குமாம், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்தபடி. அவருக்கே அது விளங்கவில்லை. கற்பனை எழுத்தாளருக்கு வேறென்ன வேண்டும்? (லெகாவும் தோழர்களும் அவற்றைத் தின்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ரோட்ரிக்ஸில் இரண்டு இனங்கள் அருகருகே வாழ்ந்தன. ஒன்றின் ஓடு கவிழ்ந்த கிண்ணம்போல், தரைப் புல்லுக்கு. இன்னொன்றின் ஓடு முன்பக்கம் சேணம்போல் உயர்ந்தது, நீண்ட கழுத்தை நிமிர்த்தி இலை பறிக்க. மேலும் கீழும் பங்கு போட்டு மேயும் மந்தை.

இங்கே தின்னாமல் விடும் காரணம் தானாகக் கிடைக்கிறது. மொரீஷியஸை ஒட்டிய இல் ஓ ஸெக்ரெத் தீவில், அழிந்த ஆமைகளின் வேலையைச் செய்ய அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்குள்ள கருங்காலி இனத்தின் பழங்களை அவை தின்று கழித்தபோது விதைகள் தீவெங்கும் பரவின, நன்றாகவும் முளைத்தன. ஆமை போன தடத்தில் காடு எழுகிறது. உங்கள் உலகத்தில் மரம் விலைமதிப்புள்ளதாயிருந்தால், ஒரு மந்தையைத் தின்பவன் நாற்பது வருடத்துக் காட்டைத் தின்றவன் ஆகிறான். மேய்ப்பர்கள், கிடை போடுபவர்கள், எந்த வயலில் எத்தனை இரவு கிடை என்ற வழக்கு, காவல் நிற்கும் ஆமைகளுக்குத் தனிப் பெயர்: ஒரு நாகரிகமே இதன்மேல் உட்கார முடியும், முதுகில் ஏறாமலே.

மெல்லிய ஓட்டின் விலை எலி. பன்றி, பூனையும்தான். ஒரு கப்பல் பரிசோதனையில்லாமல் கரை தட்டினால் முட்டைக்குழிகள் போய்விடும், முப்பது வருடம் கழித்துத்தான் மந்தை கிழடாகிவிட்டது என்று மேய்ப்பனுக்கு உறைக்கும். உண்மையில் ரோட்ரிக்ஸின் ஆமைகள் 1800 வாக்கில் முடிந்துபோயின. மெதுவாக வரும் ஆபத்தை எழுதத் தெரிந்தவருக்கு இது பொன். சண்டைக்காட்சிகளை நம்பி எழுதுகிறவருக்குச் சுமை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மெகலோகெலிஸ் | மெயோலேனியா | ஸ்டுபெண்டெமிஸ் | சிலிண்ட்ராஸ்பிஸ் |
|---|---|---|---|---|
| ஓட்டின் நீளம் | சுமார் 2 மீ | சுமார் 1 மீ | 2.4 மீ | 1 மீ வரை |
| இடம் | தரை | தரை | ஆறு, சதுப்பு | தரை, தீவு |
| ஏற்ற வேலை | சுமை | காவல் | தெப்பம் இழுத்தல் | மந்தை, காடு வளர்ப்பு |
| பழக்கும் வழி | தீவனம், நிறம் | பக்கவாட்டில் நின்று, தனித்தனியாக | நீருக்குள் ஒலி | கூட்டமாக |
| தின்னாமல் விடக் காரணம் | எளிது | நீங்கள்தான் தேட வேண்டும் | நடுத்தரம் | மிக எளிது |
| மறைந்த செலவு | ஆண்களின் சண்டை, புரளல் | தலை ஒடுங்காது | வறட்சி, முட்டைப் பருவம் | எலி, மெல்லிய ஓடு |

பயணக் கதையென்றால் மெகலோகெலிஸ். ஒரே ஓர் ஆமையும் ஒரே ஒரு குழந்தையும் என்றால், என் விருப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மெயோலேனியாவையே எடுங்கள், அந்த முகத்தை வாசகர் மறக்க மாட்டார். விளையாட்டு வடிவமைப்பவர்களுக்கு ஸ்டுபெண்டெமிஸ் வசதி. நீர், தரை என்று இரண்டு விதிமுறைகள் கிடைக்கும், பருவத்துக்குப் பருவம் ஆட்டமும் மாறும். பல தலைமுறைக் கதைக்கு மட்டும் சிலிண்ட்ராஸ்பிஸை விட்டால் வேறு வழியில்லை என்பேன்.

## கலந்துவிடலாமா?

மெகலோகெலிஸின் உடலில் மெயோலேனியாவின் கொம்பையும் வாலையும் ஒட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஒட்டலாம், கற்பனைதானே. ஆனால் கொம்பு வந்தால் கழுத்து வெளியிலேயே இருக்கும், கழுத்துக்குக் கவசம் வரும், கவசம் வெயிலில் காயும், நிழலில் நிற்கும் நேரம் கூடும், நாளுக்கு ஆறரை கிலோமீட்டர் நாலாகும். வாலில் கதாயுதம் வந்தால் பின்னால் வரும் ஆமைக்கும் இதற்கும் இடைவெளி வேண்டும், பத்து ஆமை வரிசை கால் மைலுக்கு நீளும், கொள்ளைக்காரனுக்குக் கொண்டாட்டம். இந்த விளைவுகளையெல்லாம் எழுத உங்களுக்கு ஆசையிருந்தால் தாராளமாகக் கலக்கலாம். அட்டைப்படத்துக்காக மட்டும் என்றால் கொம்பை ஓவியரிடம் விட்டுவிட்டு, கதைக்குள் ஆமையைச் சும்மா நடக்க விடுங்கள்.